முறை வைத்து வாழ்ந்த ஊர்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நான் பேசப்போவது ஏறத்தாழ இருநூறு பேர் வாழும் ஒரு சிற்றூரைப் பற்றி. பிரான்சையும் ஸ்பெயினையும் பிரிக்கும் பிரனீஸ் மலைத்தொடரில், பிரெஞ்சுப் பக்கத்துச் சரிவில், சுபெரோவா என்னும் வட்டாரத்தின் கடைக்கோடியில் அது இருக்கிறது. அரசாங்க வரைபடத்தில் அதன் பெயர் சேன்த் அங்க்ராஸ். ஊர்க்காரர்கள் தங்கள் தாய்மொழியில் சாந்தா கிராசி என்கிறார்கள். அந்தத் தாய்மொழி பாஸ்க். அவர்கள் அதை எவுஸ்கரா என்று அழைக்கிறார்கள். உலகில் இன்று பேசப்படும் வேறெந்த மொழியோடும் அதற்கு உறவு இருப்பதாக யாராலும் நிறுவ முடியவில்லை.

பாஸ்க் என்றதும் உங்களில் பலருக்குச் சில பெயர்கள் நினைவுக்கு வரும். 1937இல் குண்டு வீசி அழிக்கப்பட்ட கெர்னிகா நகரமும், பிக்காசோவின் ஓவியமும். பில்பாவோவின் பளபளக்கும் அருங்காட்சியகம். பிறகு, பல பத்தாண்டுகள் செய்தித்தாள்களை நிரப்பிய ஆயுதப் போராட்டம். அவையெல்லாம் முக்கியமானவைதான். ஆனால் அந்தப் பெயர்கள் எதுவும் வராத ஒரு பள்ளத்தாக்கில், ஆடு மேய்ப்பவர்கள் எப்படி ஓர் ஊராக இருந்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

காரணம் இருக்கிறது. கிராமத்தைப் பற்றிப் பேசும்போது ‘அந்தக் காலத்து ஒற்றுமை’ என்று நாம் பெருமூச்சு விடுகிறோம். அன்றைய மனிதர்கள் நல்லவர்கள், இன்றையவர்கள் சுயநலக்காரர்கள் என்று எளிதாகத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறோம். சாந்தா கிராசியைப் படித்த பிறகு எனக்கு அந்தத் தீர்ப்பில் நம்பிக்கை போய்விட்டது. அங்கே ஒற்றுமை என்பது மனத்தின் ஈரத்தைச் சார்ந்து இருக்கவில்லை. இன்று யார் கொடுக்க வேண்டும், நாளை யார் மலையேற வேண்டும், யார் வீட்டுச் சாவுக்கு யார் சிலுவை தூக்க வேண்டும் என்பதெல்லாம் முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தன. ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சிய குடும்பங்களிலிருந்து வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து வயல்காரரைப் பிடிக்கிறதோ இல்லையோ, அவர் முறை வந்தால் மடை அவருக்குத்தான்.

இந்த ஊரைப் பற்றி நமக்குத் தெரிவதற்கு முக்கியக் காரணம் சாண்ட்ரா ஓட் என்ற மானிடவியலாளர். 1970களில் அங்கே தங்கி, மொழி கற்று, 1981இல் ‘மலைகளின் வட்டம்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். அவருக்கு முன்பே, 1960களில், வில்லியம் டக்ளஸ் ஸ்பானியப் பக்கத்தில் முரேலாகா, எச்சலார் என்ற இரு பாஸ்க் ஊர்களை ஆராய்ந்திருந்தார். இவர்கள் இருவருக்கும் மூத்தவர் ஹோசே மிகேல் தெ பரந்தியாரான். அதாவுன் என்ற ஊரில் 1889இல் பிறந்த பாதிரியார். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்ததும் எல்லை தாண்டி பிரெஞ்சுப் பக்கம் வந்தார். சாரா என்ற கிராமத்தில் 1953 வரை இருந்தார். ஊர் திரும்பித் தன் வீட்டில் வாழ்ந்தபோது அந்த வீட்டுக்கு ‘சாரா’ என்றே பெயர் வைத்தார். 1991 டிசம்பரில், நூற்றிரண்டாவது பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு இறந்தார். பாஸ்க் கிராமத்தின் வழக்கங்களில் பாதி, அவர் கேள்விப்பட்டியல் தயாரித்து ஊர் ஊராகக் கேட்டு எழுதி வைத்ததால்தான் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

முதலில் வீடு. சாந்தா கிராசியில் வீடுகள் தெருவாக வரிசை கட்டி நிற்பதில்லை. பள்ளத்தாக்கின் சரிவுகளில், ஒவ்வொன்றும் தன் வயலோடும் புல்வெளியோடும் தொழுவத்தோடும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் பெயர் உண்டு. அரசுப் பதிவேட்டில் குடும்பப் பெயர் என்னவாக இருந்தாலும், ஊரில் ஒருவரை அழைப்பது வீட்டுப் பெயரால்தான். கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வாழ வரும் மாப்பிள்ளைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொள்ளும். குடும்பம் மாறலாம், வீட்டின் பெயர் மாறாது.

இந்த வழக்கத்தின் ஒரு துளி நம் கரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து இறங்கிய புனித சவேரியார், நவாரா அரசைச் சேர்ந்த பாஸ்க் நாட்டவர். அவர் பிறந்த கோட்டையின் பெயர் ஹவியேர். அது ‘புது வீடு’ என்ற பாஸ்க் பெயரின் திரிபு. மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் சேவியர் என்று பெயர் வைத்திருப்பவர்கள் எல்லோரும், அறியாமலேயே, ஒரு பாஸ்க் வீட்டின் பெயரைச் சுமக்கிறார்கள்.

வீட்டைப் பங்கு போடக் கூடாது என்பது அங்கே அடிப்படை விதி. சுபெரோவாவின் வழக்காற்றுச் சட்டம் 1520இல் எழுத்தில் தொகுக்கப்பட்டது. வீடும் நிலமும் மலையில் மேய்ச்சல் உரிமையும் சிதறாமல் ஒரே வாரிசுக்குப் போக வேண்டும். அந்த வாரிசு பெண்ணாகவும் இருக்கலாம் என்பதைக் கவனியுங்கள். பல இடங்களில் மூத்த பிள்ளை ஆணா பெண்ணா என்று பார்க்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சியும், பிறகு 1804இல் நெப்போலியனின் சட்டத்தொகுப்பும் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்றன. பாஸ்க் குடும்பங்கள் சட்டத்தை எதிர்த்துக் கொடி பிடிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு தொகையைக் கொடுத்தோ, அவர்களையே விட்டுக்கொடுக்கச் செய்தோ வீட்டை உடையாமல் காப்பாற்றிக்கொண்டார்கள். லபுர்தி வட்டாரத்தில் பழைய வீடுகளின் நிலைவாசலுக்கு மேலே உள்ள கல்லில், வீட்டைக் கட்டிய கணவன், மனைவி இருவரின் பெயரையும் ஆண்டோடு செதுக்கியிருப்பதை இன்றும் பார்க்கலாம்.

வீடு உயிருள்ளவர்களுக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தேவாலயத்தின் தரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி இடம் உண்டு. அது அந்த வீட்டின் கல்லறை. பின்னாளில் தேவாலயத்துக்குள் புதைப்பது நின்றபோதும் இடம் மட்டும் தொடர்ந்தது. வீட்டின் தலைவி ஞாயிறுதோறும் அங்கே மண்டியிட்டுத் தன் வீட்டு இறந்தவர்களுக்காக விளக்கேற்றுவாள். கிபுஸ்கோவா வட்டாரத்தில், செதுக்கிய மரப்பலகையில் மெழுகுத் திரியைச் சுற்றி வைத்து ஏற்றுவார்கள். அமெஸ்கெத்தா என்ற ஊரில் அந்தப் பலகைகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. வீட்டிலிருந்து தேவாலயத்துக்குப் பிணம் போகும் பாதையும் வீட்டுக்கு வீடு தனியாக வரையறுக்கப்பட்டிருந்தது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்களை வீட்டு இறவாரத்தின் கீழே, மழைத்தண்ணீர் சொட்டும் இடத்தில் புதைத்ததாகப் பரந்தியாரான் பதிவு செய்திருக்கிறார். தேவாலயத்து மண் மறுத்த பிள்ளையை வீடு தன் மண்ணில் வாங்கிக்கொண்டது.

இப்போது அண்டை வீடு. சாந்தா கிராசியில் ஒவ்வொரு வீட்டுக்கும் ‘முதல் அண்டை வீடு’ என்று ஒன்று உண்டு. அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. நட்பு, சொந்தம், வசதி எதையும் பார்த்து அமைவதில்லை. இந்த வீட்டுக்கு அந்த வீடு என்பது தலைமுறை தலைமுறையாக நிலைத்த உறவு. இதன் அழகு முழுவதும் வெளிப்பட்டது, ஞாயிற்றுக்கிழமை ரொட்டியில்.

ஒரு ஞாயிறு, ஒரு வீட்டின் தலைவி தேவாலயத்துக்கு ரொட்டி கொண்டுவருவாள். பங்குத்தந்தை அதை ஆசீர்வதிப்பார். வழிபாடு முடிந்ததும் அவள் அதில் ஒரு பங்கைத் தன் முதல் அண்டை வீட்டுக்குக் கொடுப்பாள். அடுத்த ஞாயிறு, வாங்கிய வீட்டின் முறை. அவள் தனக்குக் கொடுத்தவளுக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை. தன் முதல் அண்டை வீட்டுக்குக் கொடுப்பாள். இப்படி ரொட்டி ஒரே திசையில், வீடு வீடாக, முழு ஊரையும் சுற்றி வந்தது.

இதில் உள்ள நுட்பத்தை ஒரு நிமிடம் பாருங்கள். இருவர் மாறி மாறிக் கொடுத்துக்கொண்டால் அது கணக்காகும். நான் பெரியது கொடுத்தேன், அவள் சிறியது கொடுத்தாள் என்று மனக்கசப்பு வளரும். ஒரு நாள் இருவரும் முகம் திருப்பிக்கொண்டால் எல்லாம் முடிந்தது. வட்டத்தில் கொடுக்கும்போது அது நடக்காது. எனக்குக் கொடுத்தவளுக்கு நான் கடன்படவில்லை, ஊருக்குக் கடன்பட்டிருக்கிறேன். என் முதல் அண்டை வீட்டாரோடு எனக்குச் சண்டை இருந்தாலும் ரொட்டியை நிறுத்த முடியாது. நிறுத்தினால் அறுபடுவது எங்கள் இருவருக்கும் இடையிலான நூல் மட்டுமில்லை, ஊர் முழுவதையும் சுற்றிய நூல். ஓட் அந்த ஊருக்குப் போனபோது இந்த வழக்கம் நின்றுபோயிருந்தது. பெண்கள் தங்கள் நினைவிலிருந்து அதை அவருக்குச் சொன்னார்கள்.

சாவு வந்தால் முதல் அண்டை வீட்டின் முழுப் பொருளும் தெரியும். இறந்தவரின் குடும்பம் எந்த வேலையும் செய்வதில்லை. செய்தி சொல்ல ஆள் அனுப்புவது, மாடுகளுக்குத் தீவனம் போடுவது, வருகிறவர்களுக்குச் சமைப்பது, ஊர்வலத்தின் முன்னே சிலுவை தூக்கிச் செல்வது எல்லாம் அண்டை வீட்டின் பொறுப்பு. பாஸ்க் நாட்டின் பல ஊர்களில் இன்னொரு கடமையும் இருந்தது. தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும். வீட்டுத் தலைவர் இறந்ததும் ஒருவர் தேன்கூட்டுக்குப் போய், மெல்லத் தட்டி, ‘எஜமானர் இறந்துவிட்டார், இனி மெழுகு அதிகம் வேண்டும், நன்றாகச் செய்யுங்கள்’ என்ற பொருளில் சொல்வார். இறந்தவருக்கு ஏற்றும் திரிக்கு மெழுகு வேண்டுமல்லவா? சோகத்துக்கு இடம் கொடுப்பதற்காக வேலைகளை மற்றவர் பொறுப்பில் விட்ட ஊர், தேனீக்களுக்கும் அந்த வேலைப் பட்டியலில் ஓர் இடம் ஒதுக்கியிருந்தது.

பள்ளத்தாக்கு பெண்களின் உலகம் என்றால், கோடையில் மலை ஆண்களின் உலகம். பனி உருகியதும் ஆடுகள் உயரமான மேய்ச்சல் நிலங்களுக்கு ஏறும். அங்கே ஒவ்வொரு இடையர் குழுவுக்கும் ஒரு குடில். அதைச் சுற்றி மேய்ச்சல் உரிமை. குடிலையும் அந்தக் குழுவையும் சேர்த்தே ‘ஓல்ஹா’ என்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் அதில் பங்கு உண்டு. பங்கும் வீட்டுக்கு உரியது, ஆளுக்கு உரியதில்லை. எல்லா ஆடுகளின் பாலும் ஒன்றாகக் கறக்கப்பட்டு ஒன்றாகப் பாலாடைக்கட்டி ஆகும். எல்லோரும் ஒரே நேரத்தில் மலையில் இருந்தால் கீழே புல் அறுப்பது யார்? அதனால் முறை வைத்து ஏறினார்கள், முறை வைத்து இறங்கினார்கள். குடிலுக்குள்ளும் வேலைகள் முறைப்படி மாறின. சமைத்து, குடிலைச் சுத்தம் செய்து, பாலைப் பார்த்துக்கொள்பவருக்குக் கொடுத்த பட்டம் ‘எச்செகந்தெரே’, அதாவது வீட்டின் தலைவி. தாடி வைத்த, கம்பளி போர்த்திய இடையர்கள் முறை போட்டு வீட்டுத்தலைவி ஆனார்கள். யாரும் அதைக் கேலியாகப் பார்க்கவில்லை.

இங்கே ஓட் கேட்ட ஒன்று மானிடவியல் உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. பாலில் உறைமருந்து சேர்ந்து கட்டி ஆவதைப்போலத்தான் கருவும் உருவாகிறது என்று இடையர்கள் அவரிடம் விளக்கினார்கள். பெண்ணின் குருதியை ஆணின் விந்து உறைய வைக்கிறது என்பது அவர்கள் கருத்து. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பு அரிஸ்டாட்டில், விலங்குகளின் பிறப்பைப் பற்றிய நூலில் இதே விளக்கத்தைத் தந்திருக்கிறார். அந்த அறிவு எந்த வழியாக மலைக்கு வந்தது என்பதைக் காட்டிலும் எனக்கு வியப்பூட்டுவது, மலைக்குடிலில் ஆண்கள் செய்த வேலையை அவர்களே பிள்ளை பெறும் வேலைக்கு ஒப்பாக நினைத்தார்கள் என்பது.

ஊரைத் தாண்டியும் இந்த முறை செல்லும். சாந்தா கிராசிக்கு மேலே, எல்லையில், சான் மார்த்தின் கல் என்று ஓர் இடம். அங்கே ஆண்டுதோறும் ஜூலை 13ஆம் தேதி, பிரெஞ்சுப் பக்கத்துப் பரெத்தூ பள்ளத்தாக்கின் மேயர்கள் ஸ்பானியப் பக்கத்து ரொன்கால் பள்ளத்தாக்குக்கு மூன்று பசுக்களைக் கொடுக்கிறார்கள். ஒரே நிறம், ஒரே கொம்பு, ஒரே வயதுப் பற்கள் இருக்க வேண்டும். மேய்ச்சலுக்கும் தண்ணீருக்கும் நடந்த கொலைச் சண்டைகளுக்குப் பிறகு 1375இல் வழங்கப்பட்ட தீர்ப்பு அது. கல்லின் மேல் ஒருவர் கைமேல் ஒருவர் கைவைத்து, இனிச் சமாதானம் என்று மும்முறை சொல்கிறார்கள். இரண்டு நாடுகளும் எத்தனையோ முறை போர் புரிந்தன. பசுக்கள் மலையேறிக்கொண்டே இருந்தன. ரொன்கால் பள்ளத்தாக்கு முன்பு பாஸ்க் பேசிய இடம். அந்த வட்டார வழக்கைக் கடைசியாகப் பேசிய ஃபிதேலா பெர்னாத் 1991இல் இறந்தார். ஒப்பந்தம் பிழைத்தது, அதைச் செய்தவர்களின் மொழி அந்தப் பள்ளத்தாக்கில் பிழைக்கவில்லை.

இதே மலைப்பாதைகளில் இன்னொரு கூட்டமும் நடந்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ரொன்காலின் இளம்பெண்கள் இலையுதிர் காலத்தில் குழுவாக மலை கடந்து, சுபெரோவாவின் மவுலேயோன் நகரத்துச் செருப்பு ஆலைகளில் வேலை செய்யப் போனார்கள். வசந்தத்தில் திரும்பினார்கள். ஊர் அவர்களைத் தகைவிலான் குருவிகள் என்று அழைத்தது. திரும்பும்போது கையில் இருந்தது பெரும்பாலும் கல்யாணச் சீருக்கான துணியும் பணமும்.

நாடகத்துக்கு வருகிறேன். சுபெரோவாவில் ‘பஸ்தொராலா’ என்று ஒரு திறந்தவெளிக் கூத்து உண்டு. தொழில்முறை நடிகர்கள் கிடையாது. ஓர் ஆண்டு ஓர் ஊர் எடுத்து நடத்தும். அந்த ஊரின் கடைக்காரர், இடையர், பள்ளிப் பிள்ளைகள், பாட்டிமார் எல்லோரும் மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கும் மேல் நடக்கும். நல்லவர்கள் நீல உடையில், கெட்டவர்கள் சிவப்பு உடையில். இடையிடையே சாத்தான்கள் வந்து துள்ளி ஆடுவார்கள். வேதாகமக் கதைகளும் பிரெஞ்சு அரசர் கதைகளும் நடந்துவந்த அந்த மேடையை, 1953இல் எச்சகுன் இருரி என்ற விவசாயக் கவிஞர் தம் மண்ணின் மனிதர்களின் கதைக்குத் திருப்பினார். முதல் நாயகன், 19ஆம் நூற்றாண்டின் ஒரு நாட்டுப்புறப் பாடகன். குளிர்காலத்தில் ‘மஸ்கரதா’. ஓர் ஊரின் இளைஞர்கள் வேடமிட்டு மற்ற ஊர்களுக்குப் போவார்கள். இடுப்பில் மரக்குதிரை கட்டிய ஆட்டக்காரர், தரையில் வைத்த ஒயின் கோப்பையைச் சுற்றி ஆடி, அதன் மேல் கால் வைத்து எழும்பி, ஒரு துளி சிந்தாமல் இறங்க வேண்டும். குதிரை மறைப்பதால் கோப்பை அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது.

இவ்வளவும் சொல்லி நிறுத்தினால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன். முறை என்று ஒன்று இருந்தால், அதற்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இருந்திருக்க வேண்டும்.

முதலாவது, வாரிசாகாத பிள்ளைகள். வீடு உடையாமல் இருந்ததற்கான விலையை அவர்கள் கொடுத்தார்கள். சிலர் மணமாகாமல் அண்ணன் வீட்டிலோ அக்கா வீட்டிலோ சம்பளமில்லாத ஆளாகக் கிழவரானார்கள். சிலர் பாதிரியார், கன்னியாஸ்திரி ஆனார்கள். மற்றவர்கள் அர்ஜென்டினாவுக்கும் உருகுவேக்கும், அமெரிக்காவின் நெவாடா, ஐடஹோ மலைகளுக்கும் போனார்கள். அங்கே ஆயிரக்கணக்கான ஆடுகளோடு தனியாக அலைந்த பாஸ்க் இடையர்கள் மரப்பட்டைகளில் தங்கள் பெயரையும் ஊரையும் கீறி வைத்தார்கள். ஊரில் எந்நேரமும் அண்டை வீட்டோடு வாழ்ந்தவர்களுக்கு, பேசுவதற்கு அங்கே மரம்தான் இருந்தது.

இரண்டாவது, அகோத்துகள். பிரனீசின் இரு பக்கங்களிலும் வாழ்ந்த ஒதுக்கப்பட்ட சமூகம். நவாராவின் பஸ்தான் பள்ளத்தாக்கில் போசாத்தே என்ற குடியிருப்பு அவர்களுடையது. மதம் அதேதான், மொழி அதேதான், தோற்றத்திலும் வேறுபாடில்லை. ஆனாலும் தச்சு, கல்வேலை போன்ற சில தொழில்களே அவர்களுக்கு அனுமதி. திருமணம் தங்களுக்குள் மட்டும். தேவாலயத்தில் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி, பின்வரிசை. திருவிருந்து அப்பத்தைக் கோலின் நுனியில் வைத்து நீட்டியதாகவும் பதிவுகள் இருக்கின்றன. 1515இல் போப் பத்தாம் லியோ, இவர்களைச் சமமாக நடத்த வேண்டும் என்று ஆணை அனுப்பினார். ஆணை வந்த பிறகும் அந்த வாசல்கள் நூற்றாண்டுகள் இருந்தன. தமிழ்க் காதுகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரொட்டி வட்டமாகச் சுற்றிய அதே பண்பாட்டில், ரொட்டியைக் கோலில் நீட்டிய கைகளும் இருந்தன.

வீடும் முறையுமாக இருந்த இந்த அமைப்பு எப்படித் தளர்ந்தது? யாரும் அதை உடைக்கவில்லை. பெண்கள் கிளம்பிப் போனார்கள். பக்கத்துப் பெயார்ன் பகுதியைச் சேர்ந்த சமூகவியலாளர் பியர் பூர்தியு 1962இல் எழுதிய கட்டுரையில், கிறிஸ்துமஸ் நடனக் கூட்டத்தில் ஆடாமல் ஓரமாக நின்றிருந்த, மணமாகாத குடியானவ ஆண்களை விவரித்தார். வீட்டைப் பெற்ற வாரிசு, வீட்டோடு தனித்து நின்றான். பாஸ்க் மலைகளிலும் நடந்தது அதுவே. அலுவலக வேலையும் நகரத்துக் குளியலறையும் தெரிந்த பெண், மாமியாரோடும் மாடுகளோடும் வாழ ஏன் சம்மதிக்க வேண்டும்? அவளைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்று சாந்தா கிராசிக்குப் பயணிகள் வருகிறார்கள். ககுவெத்தா மலையிடுக்கையும், லா வெர்னா என்ற மாபெரும் குகை மண்டபத்தையும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டிக்கு 1980 முதல் ‘ஒசோ இராத்தி’ என்ற பெயரில் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. பாஸ்க் மொழிக்கு பிரான்சில் அரசு மொழித் தகுதி இல்லை. எனினும் 1969இல் தொடங்கிய சேயாஸ்கா அமைப்பின் பள்ளிகளில் பிள்ளைகள் அதில் படிக்கிறார்கள். கோடையில் ஏதோ ஓர் ஊர் பஸ்தொராலா நடத்துகிறது. வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஒத்திகைக்காக வார இறுதிகளில் வந்து போகிறார்கள். இளைஞர்கள் ஊரை விட்டுப் போன பின்பும், ‘இந்த ஆண்டு எங்கள் ஊர் முறை’ என்ற ஒரு வாக்கியத்துக்கு அவர்களைத் திரும்ப அழைக்கும் வலு மிச்சம் இருக்கிறது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான். பழைய ஊர்களில் மனிதர்கள் நம்மைவிட நல்லவர்களாக இருந்ததற்குச் சான்று இல்லை. நல்லவராக இல்லாத நாளிலும் கடமை தவறாமல் இருக்கும்படி அவர்கள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். அதனால் அடுக்குமாடிக் குடியிருப்பிலோ, தெரு நலச் சங்கத்திலோ, பள்ளிப் பெற்றோர் கூட்டத்திலோ ஒற்றுமை இல்லையே என்று நாம் வருந்தும்போது, மனிதர்களின் குணத்தைத் திட்டுவதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்போம். இந்த வாரம் யாருடைய முறை என்று எங்காவது எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால், அந்தப் பட்டியலில் யாருடைய வீடு விடுபட்டிருக்கிறது? முதல் கேள்வியை மட்டும் கேட்கும் ஊர் ஒழுங்காக நடக்கும். இரண்டாவதையும் கேட்கும் ஊர்தான் நியாயமாகவும் நடக்கும்.